எல்லாத்துக்கும் ஸ்டார் போட்டா எதுக்குத்தான் ஸ்டார்?

வணிகச் சட்டம் பேப்பருக்கு எங்க செட்டே வாங்கும் கைடு ஒன்று இருக்கிறது. அதில் ஸ்டார் போடாத கேள்வியைக் காட்டினால் டீ வாங்கித் தருகிறேன். அதைப் படித்துவிட்டு மறந்தால் 'உனக்கு மண்டையில ஏறாது' என்று திட்டு வேறு. மண்டையை விடுங்க சார், அந்தப் பட்டியலைப் பாருங்க.

1933-லேயே ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதைச் சோதித்திருக்கிறார். பத்து உருப்படி கொண்ட பட்டியல். ஒன்பது அர்த்தமில்லாத அசைகள், கூடவே ஒரே ஒரு எண். எண் நன்றாக நினைவில் நின்றது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பத்து சமாச்சாரங்களில் ஒன்றாக எண்ணை வைத்தபோது அந்த அளவுக்கு நிற்கவில்லை. எண்ணுக்கென்று தனி மகிமை எதுவும் இல்லை, சுற்றியிருந்த கூட்டம்தான் வேறு!

இப்ப கைடுக்கு வருவோம். 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், சுதந்திரமான சம்மதத்தைக் கெடுப்பவை ஐந்து: கோயர்ஷன், அன்ட்யூ இன்ஃப்ளூயன்ஸ், ஃப்ராடு, மிஸ்ரெப்ரசன்டேஷன், மிஸ்டேக். ஐந்துக்கும் ஐந்து ஸ்டார். ஆனால் முதல் நான்கில், பாதிக்கப்பட்டவர் நினைத்தால்தான் ஒப்பந்தம் ரத்தாகும். இரு தரப்புமே முக்கியமான ஒரு உண்மையைத் தப்பாக நினைத்திருந்தால் (பிரிவு 20) ஒப்பந்தமே செல்லாது. தனித்துத் தெரிய வேண்டியது மிஸ்டேக் மட்டும்தான். அதையும் மற்ற நான்கோடு சேர்த்துக் குழைத்துச் சாம்பார் வைத்துவிட்டார்கள். பரீட்சையில் நானும் ஐந்துக்கும் 'ரத்து செய்யலாம்' என்றே எழுதிவிட்டு வந்தேன். :(

'எது வேணா வரலாம், அதான் எல்லாத்துக்கும் போடறோம்' என்பார்கள். அப்படியானால் எதற்குமே போடாதீர்கள், மை மிச்சம்.

சரி, நாலு கேள்விக்கு மட்டும் போட்டால் போதுமா? அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ராட்க்ளிஃப், கிளார்க், ஷிஃப்ரின் மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பட்டியலில் சில சொற்களை மட்டும் கூடுதலாகப் படிக்க வைத்தபோது, பார்க்காமல் நினைவுபடுத்திச் சொல்வதில் மற்ற சொற்கள் அடிவாங்கின. 'இதைப் பார்த்தாயா' என்று காட்டிக் கேட்டபோது அந்தச் சேதம் இல்லை. அதாவது ஒரு மார்க் கேள்வியில் தப்பிக்கலாம், பத்து மார்க் கட்டுரையில் மாட்டுவோம். ஸ்டார் போடுகிறவர் எதைப் பலி கொடுக்கிறோம் என்று தெரிந்துதான் போட வேண்டும். நம்மாட்களுக்கு அந்தப் பொறுப்பெல்லாம் எங்கே?

கைடின் புதுப் பதிப்பு வந்துவிட்டது. இப்ப எல்லாத்துக்கும் ரெண்டு ஸ்டார்.