கால் மரப்புக்குக் காரணம் வயிற்றில் இருக்கலாம்!

காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றை ஏறிக் கடந்தால் கொல்லிமலை. மலை மேல் வல்வில் ஓரியின் சிலை நிற்கும் ஊர் செம்மேடு.

அந்த ஊரில் ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வயது 35. அவளுக்குக் கால் விரல்கள் மரத்துப் போகின்றன. நடக்கும்போது செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை. சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது. அடிக்கடி பேதி. உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது.

வளைவுகள் எல்லாம் இறங்கி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இல்லை. உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா, தொழுநோயா என்று பார்க்கிறார்கள். அதுவும் இல்லை. நரம்புக்கு ஒரு டாக்டர் மாத்திரை கொடுக்கிறார். வயிற்றுக்கு இன்னொரு டாக்டர் மருந்து கொடுக்கிறார். கால் ஒருவரிடம், வயிறு ஒருவரிடம்! இரண்டும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன என்பதை யார் யோசிப்பது?

இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்கலாம். அதன் பெயர் சீலியாக் நோய்.

கோதுமையில் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. பார்லியிலும் அதே வகைப் புரதம் உண்டு. சப்பாத்தி மாவைப் பிசைந்தால் இழுவையாக வருகிறதே, அதற்குக் காரணம் இந்தப் புரதம்தான். பெரும்பாலோருக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. சிலருடைய உடம்பு மட்டும் இதைப் பகையாக நினைக்கிறது. பகையை விரட்டப் போய், தன் சிறுகுடலையே புண்ணாக்கிக்கொள்கிறது. குடல் கெட்டால் சாப்பாட்டில் உள்ள சத்து உடம்பில் சேராது. ரத்தம் குறையும். நரம்புக்கு வேண்டிய வைட்டமின்களும் குறையும். சிலருக்கு அந்தப் பகை நேராக நரம்பையே தாக்குவதும் உண்டு.

1996ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர டாக்டர்கள் ஒரு சோதனை செய்தார்கள். காரணம் தெரியாத நரம்பு நோயாளிகள் 53 பேரின் ரத்தத்தைப் பார்த்தார்கள். 30 பேரின் ரத்தத்தில், கோதுமைப் புரதத்தை எதிர்க்கும் பொருள் இருந்தது. அத்தனை பேருக்கும் சீலியாக் நோய் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் நரம்பு டாக்டர் வயிற்றையும் விசாரிக்க வேண்டும் என்பதற்கு இது போதும்.

பஞ்சம் காட்டிய உண்மை

இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை உறுதி செய்தவர் டிக்கி என்ற ஹாலந்து நாட்டுக் குழந்தை டாக்டர். அவருக்கு முன்பே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில், யுத்தத்தால் அந்த நாட்டில் பெரும் பஞ்சம் வந்தது. ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் வாடியபோது, இந்த நோய் உள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள்! ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பி வந்தது. 1950ஆம் ஆண்டில் அவர் தம் ஆராய்ச்சியை எழுதி வெளியிட்டார்.

"நாம் சோறு தின்கிறவர்கள். நமக்கு எப்படி இந்த நோய் வரும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2016ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில் இந்தியாவில் 23 ஆயிரம் பேருக்கு மேல் சோதித்தார்கள். வடக்கே ஆயிரத்துக்கு எட்டு, ஒன்பது பேருக்கு நோய் இருந்தது. தெற்கே பத்தாயிரத்துக்கு ஒருவர் அளவுதான். ஆனால் இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் பரம்பரைக் கூறு, வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய சமமாகவே இருந்தது. வித்தியாசம் எதில்? தட்டில்! வடக்கே ஒருவர் நாளைக்கு 455 கிராம் கோதுமை சாப்பிட்டார்; தெற்கே 25 கிராம்.

அந்த 25 கிராம் இனி அப்படியே இருக்குமா? காலையில் ரவை உப்புமா, மாலையில் பிஸ்கட், ராத்திரி பரோட்டா. சர்க்கரை வந்துவிட்டால் தினமும் சப்பாத்தி. மலை மேலும் டீக்கடையில் பன் தொங்குகிறது. "இது வடநாட்டு நோய்" என்று டாக்டர்கள் இனியும் ஒதுக்கக் கூடாது என்பது என் கருத்து. சர்க்கரை, பி-12 குறைவு, குடி, தொழுநோய் ஆகியவைதான் மரப்புக்கு அதிகமான காரணங்கள். அவற்றை முதலில் பார்க்கட்டும். அவை இல்லை என்றால், வயிற்றுக் கோளாறும் ரத்த சோகையும் சேர்ந்திருந்தால், இந்தச் சோதனையையும் எழுதிக் கொடுக்கட்டும். இதற்காக மலைவாசி சென்னைக்கு அலையும்படி வைக்கக் கூடாது. மாவட்ட ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து அனுப்ப வசதி வேண்டும்.

அவசரப்படாதீர்கள்!

இதைப் படித்ததும் சிலர் கோதுமையை நிறுத்திவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் அதையே சொல்வார். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்! கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ரத்தத்தில் அந்தப் பொருள் தெரியும். நிறுத்திவிட்டால் அது குறைந்துவிடும்; குடலும் ஆறத் தொடங்கும். "நோய் இல்லை" என்று தவறான முடிவு வரலாம். முதலில் ரத்தச் சோதனை. அதில் சந்தேகம் வந்தால், வாய் வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலில் துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். பிறகுதான் பத்தியம். அந்தப் பத்தியம் ஆயுள் முழுவதற்கும்! ஆகவே உறுதி தெரியாமல் தொடங்குவது வீண் தண்டனை. அதற்காகத் தள்ளிப்போடவும் கூடாது. நாள்பட்டுக் கெட்ட நரம்பு முழுவதும் தேறும் என்று சொல்ல முடியாது.

நோய் உறுதியானால் என்ன சாப்பிடுவது? செம்மேட்டுப் பெண்ணுக்கு அந்தக் கவலை இல்லை. சாமை, தினை, கேழ்வரகு எதிலும் குளூட்டன் கிடையாது. அரிசியிலும் இல்லை. கொல்லிமலையில் மரவள்ளி பெருகியதால் சாமை வயல்கள் சுருங்கிவிட்டன. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இருந்து அந்தத் தானியங்களைக் காக்க அங்கே பாடுபட்டது.

இரண்டு விஷயங்களில் மட்டும் அவள் கவனமாக இருக்க வேண்டும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். இன்னொன்று, மாவு மில். முன்னால் வந்தவர் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருந்தால், அந்த மாவு அவளுடைய கேழ்வரகிலும் கலந்து வரும். வீட்டிலேயே திருகையில் அரைத்துக்கொள்வது நல்லது.