அச்சத்தால் உழைப்பு பெருகுமா? பணிப் பாதுகாப்பும் சாதியும்

வேலை போய்விடும் என்ற அச்சம் இருந்தால்தான் தொழிலாளர் முனைந்து உழைப்பார்கள் என்பது முதலாளிகள் தரப்பின் பழைய வாதம். முன்பு 100 பேர் பணிபுரியும் ஆலையே ஆட்குறைப்புக்கும் ஆலைமூடலுக்கும் அரசின் முன் அனுமதி பெற வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 300 ஆக உயர்த்தியிருக்கிறது. குறித்த காலப் பணியமர்த்தலையும் அது முறைப்படுத்தியிருக்கிறது.

பொருளியலிலும் இவ்வாதத்துக்கு ஆதாரம் தேடுவோர் உண்டு. வேலையின்மை தொழிலாளரைக் கட்டுக்குள் வைக்கும் கருவியாகிறது என 1984இல் கார்ல் ஷபிரோவும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் விளக்கினர். ஆனால் அவ்விளக்கம் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: நன்கு உழைப்பவரின் வேலை நிலைக்க வேண்டும். உழைத்தாலும் உழைக்காவிட்டாலும் வேலை முடியும் நாள் முன்பே குறிக்கப்பட்டிருந்தால், அந்த அச்சம் யாரை ஊக்குவிக்கும்?

தமிழ்நாட்டின் அனுபவத்தைப் பார்ப்போம். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. வரி வழக்கில் சிக்கிய அந்த ஆலை, மைக்ரோசாஃப்ட்டுடனான விற்பனை ஒப்பந்தத்தில் சேர்க்கப்படவில்லை. ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது. மறுஆண்டில் மறைமலைநகர் ஆலையில் உற்பத்தி நின்றது. இவ்விரு முடிவுகளும் தொழிலாளரின் சோம்பலால் எடுக்கப்பட்டவை அல்ல; அவர்களின் உழைப்பால் தடுத்திருக்கக்கூடியவையும் அல்ல.

24 மாதங்களில் 480 நாள்கள் தொடர்ந்து பணிபுரிந்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது 1981ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். அந்நாள்கள் நிறையுமுன் பணிமுறிவு காட்டுவதும், 'பயிற்சியாளர்' எனப் பெயர் சூட்டுவதும் அதனைத் தட்டிக்கழிக்கும் வழிகள். இத்தகைய தொழிலாளியிடமிருந்து ஆலைக்குக் கிடைப்பது கூடுதல் நேரமும் மௌனமும்தான். இயந்திரப் பழுதை அவர் சுட்டிக்காட்டத் தயங்குவார், காயத்தை மறைப்பார், விரைவில் விட்டுச்செல்லப்போகும் வேலையில் திறனை வளர்த்துக்கொள்ளவும் அவருக்குக் காரணம் இராது.

இந்த அச்சம் எல்லோர்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. நிலமுள்ள குடும்பத்து இளைஞர் வேலை இழந்தால் ஊரில் அவருக்கு ஒரு பிடிமானம் இருக்கும். நிலமற்ற தலித் குடும்பத்து இளைஞருக்கோ, ஊர் திரும்புவது என்பது ஆதிக்கச் சாதியினரின் வயலையும் வட்டிக்கடனையும் நோக்கித் திரும்புவதாகும். தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை. பொதுத்துறையிலும் நிரந்தரப் பணியிடங்கள் ஒப்பந்தப் பணிகளாக மாறும்போது, இடஒதுக்கீடு ஏட்டளவில் இருந்தும் நடைமுறையில் சுருங்குகிறது. சாதியை வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களின் பிரிவினையும் என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். இன்று நிரந்தரர், ஒப்பந்தர் என்ற பிரிவும் அதே கோட்டில் படிகிறது.

எனவே பணிப் பாதுகாப்பை வெறும் தொழிற்சங்கக் கோரிக்கையாக நாம் சுருக்கிவிடக் கூடாது. அது சாதி ஒழிப்புக் கோரிக்கையும் ஆகும். 480 நாள் விதியை உறுதியாக நடைமுறைப்படுத்தவும், நிரந்தர, ஒப்பந்தத் தொழிலாளரின் சமூகவாரி விவரத்தை ஆலைதோறும் வெளியிடவும் மாநில அரசை வலியுறுத்துவோம். அரசின் நிலமும் வரிச்சலுகையும் பெறும் ஆலைகளிடம் இக்கணக்கைக் கேட்க மக்களுக்கு முழு உரிமை உண்டு.