விடுதிக்குப் புறப்படும் பிள்ளை

மும்பையின் குர்லாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில், பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடிக்கும் பருவத்தில் ஒரு பேச்சு எழுவதுண்டு: சைனிக் பள்ளிக்கு அனுப்பலாமா? மகாராட்டிரத்தின் சாத்தாராவில் 1961ஆம் ஆண்டிலும், தமிழகத்தில் உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதி நகரில் 1962ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்ற இவ்வகைப் பள்ளிகளில் மாணவர்கள் விடுதியில் தங்கியே பயில்கின்றனர். ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு வயது பத்து முதல் பன்னிரண்டு வரை. 2021 முதல் பெண் பிள்ளைகளுக்கும் எல்லாச் சைனிக் பள்ளிகளிலும் இடம் உண்டு.

இதற்கான நுழைவுத் தேர்வுக்கு 300 மதிப்பெண். அதில் பாதி கணக்குக்கே உரியது. ஆகவே விடியலிலும் கணக்கு, இரவிலும் கணக்கு. இடம் கிடைத்ததும் இரும்புப் பெட்டி வாங்கப்படும். துணிகளில் பெயர் தைக்கப்படும். வீட்டைப் பிரிந்து வாழ்வதற்கு மட்டும் எவரும் பயிற்சி அளிப்பதில்லை. அது தானாக வந்துவிடும் என்று பெற்றோர் நம்புகின்றனர். அந்த நம்பிக்கை பிழையானது.

ஒன்றில் மட்டும் குர்லாப் பிள்ளைக்குக் குறையில்லை. ஓரறை வீட்டில் ஐவரோடு வரிசையாகப் படுத்து உறங்கியவன் அவன். குழாயில் தண்ணீர் வரும் நேரமறிந்து எழுபவன்; பொதுக் கழிப்பறை முன் முறைக்குக் காத்திருப்பவன். விடுதி வாழ்வின் பாதி அவனுக்கு முன்னரே பாடமாகியிருக்கிறது. பெரிய வீட்டில் தனியறையில் வளர்ந்த பிள்ளை இவற்றை அங்கே போய்த்தான் கற்க வேண்டும். ஆயினும், தன் துணியைத் தானே துவைப்பதும், பிடிக்காத கறியையும் தட்டில் மிச்சம் வைக்காமல் உண்பதும், உடல் நலமில்லை என்று அயலார் ஒருவரிடம் வாய்திறந்து சொல்வதும் வீட்டிலேயே பழக வேண்டியவை. இவற்றுள் கடைசியானதே கடினம். அம்மா முகம் பார்த்தே காய்ச்சலை அறிந்துகொள்வாள். விடுதிக் காப்பாளரிடம் அதைச் சொன்னால்தான் தெரியும்.

சில வீடுகளில், "சொன்னபடி கேட்காவிட்டால் விடுதியில் தள்ளிவிடுவேன்" என்ற மிரட்டல் அன்றாடம் ஒலிக்கிறது. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, பள்ளியில் சேரும் நாளைத் தண்டனை நாளாகவே எண்ணும். "அடுத்த வாரம் வந்து அழைத்துப் போவோம்" என்னும் பொய்யும் அத்தகையதே. விடுமுறை எந்த மாதம், எத்தனை வாரம் என்பதை நாட்காட்டியில் காட்டிவிடுவது நேர்மை. ஏக்கம் வரும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம் சுவார்ட்சு பள்ளிக்குச் சென்ற அப்துல் கலாம், வீட்டை எண்ணி ஏங்கியதையும் தாயின் போளிக்கு மனம் தவித்ததையும் 'அக்கினிச் சிறகுகள்' நூலில் வெளிப்படையாகவே கூறுகிறார். அவ்விரு ஊர்களுக்கும் இடையே அறுபது கிலோமீட்டர்கூட இல்லை. குர்லாவின் லோக்மான்ய திலக் முனையத்தில் ரயிலேறினால், அமராவதி நகருக்கு முன்னுள்ள கோயம்புத்தூரை அடையவே ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

எல்லாவற்றினும் முதன்மையான ஆயத்தம் வேறொன்று. அதைப் பெரும்பாலான பெற்றோர் நினைப்பதேயில்லை. நுழைவுத் தேர்வைத் தமிழிலும் மராத்தியிலும் எழுதலாம். பள்ளியின் பயிற்று மொழியோ ஆங்கிலம். குர்லாப் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறான். தெருவில் இந்தி, மராத்தி. வீட்டை விட்டால் தமிழ் பேச ஆளில்லாமலும் போகலாம். விடுதிகளில் கைப்பேசி பெரும்பாலும் பிள்ளையின் கையில் இருப்பதில்லை, பேசக் கிடைக்கும் சில நிமிடங்களும் "சாப்பிட்டாயா?" என்பதிலேயே கழிந்துவிடும். மனத்தில் உள்ளதைச் சொல்ல எஞ்சுவது கடிதம் ஒன்றே. திருநெல்வேலிச் சிற்றூரில் தமிழ் மட்டும் படித்துவிட்டு மும்பைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த தாய்க்கு, மகன் ஆங்கிலத்தில் எழுதினால் என்ன பயன்? பக்கத்து வீட்டாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வாள். பிறர் படிப்பர் என்று தெரிந்தால், தான் அழுததை அவன் எழுதவே மாட்டான்.

ஆகவே கணக்குப் பயிற்சிக்குச் செலவிடும் நேரத்தில் நாளொன்றுக்குக் கால் மணியேனும் தமிழ் எழுத்துக்கு ஒதுக்குதல் வேண்டும். பிழையோடு எழுதினாலும் போதும். ஒற்றுப் பிழைக்காக எந்தத் தாயும் மகன் கடிதத்தைத் திருப்பி அனுப்புவதில்லை. பெட்டியில் சோப்புக்கும் துண்டுக்கும் அருகே அஞ்சல் உறைகள் பத்தாவது இருக்கட்டும். அஞ்சல்காரர் பொருட்டு முகவரி மராத்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். புறப்படுமுன் அதனைப் பிள்ளையே தன் கையால் எழுதிப் பழகட்டும்: குர்லா மேற்கு எனில் 400070, கிழக்கே நேரு நகர் எனில் 400024.