போர்டுக்கு ஒரு படுதா உறை

மணிமுத்தாற்றில் அணை உண்டு, அருவி உண்டு; அலை கிடையாது. அலை வேண்டுமென்றால் அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, திருச்செந்தூர் தாண்டி மணப்பாடு போக வேண்டும். என் அக்கா மகன் அங்கேதான் சர்ஃபிங் பழகுகிறான். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றதிலிருந்து அவனுக்கு வேறு பேச்சில்லை. கைமாறி வந்த பழைய போர்டுதான் அவனுக்கு வாய்த்தது. அதற்குக் கடலில் படும் அடியைவிட, வேன் கேரியரில் படும் அடிதான் அதிகம்.

பார்க்கத் திடமாக இருந்தாலும் போர்டு பூஞ்சையான சாமான். உள்ளே நுரை, மேலே கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த மெல்லிய ஓடு. ஓட்டில் விரிசல் விழுந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கிப் போர்டு கனத்துவிடும். வெயில் அதைவிடக் கெடுதல். சூடேறினால் ஓடு நுரையை விட்டுப் பிரிந்து கொப்புளமாக எழும்பும். ஒட்டிக்கொள்ளலாம் என்று ஃபைபர் படகு வேலை செய்கிறவர்களிடம் கொடுப்பதிலும் ஒரு கண்டம் இருக்கிறது. படகுக்குப் பூசும் பாலியெஸ்டர் ரெசின், தெர்மாகோல் வகை நுரையைக் கரைத்துவிடும். அந்த வகைப் போர்டுக்கு எப்பாக்சிதான் பூச வேண்டும்.

கடைகளில் விற்கும் நல்ல பைகள் பல ஆயிரம் ரூபாய். எங்களுக்கு வேண்டியது வெயிலுக்கும் கேரியர் கம்பிக்கும் ஈடுகொடுக்கும் உறை. லாரி படுதாவும் சீட் கவரும் தைக்கிற குஷன் கடைக்காரரைவிட அதற்குத் தோதான ஆள் யார்?

போர்டைத் தரையில் விரித்த காகிதத்தின் மேல் கிடத்திச் சுற்றிக் கோடு இழுத்தோம். கனத்துக்காகக் கோட்டுக்கு வெளியே இரண்டு அங்குலம், மூக்குப் பக்கம் இன்னும் கொஞ்சம். மேலுக்கு வெள்ளிநிறப் படுதா. கறுப்பு ஆகவே ஆகாது, வெயிலை இழுக்கும். உள்ளே எதை வைப்பது என்று பேச்சு வந்தபோது கடைக்காரர் முடிவாகச் சொன்னார்: "ஸ்பாஞ்ச் வேண்டாம் அண்ணாச்சி, தண்ணியக் குடிச்சா விடாதுல்லா." டிவி, பிரிட்ஜ் பெட்டிகளுக்குள் வரும் வெள்ளை நுரைத்தாளை எடுத்துப் போட்டார். அது தண்ணீர் உறிஞ்சாது. மூக்குக்கும் வாலுக்கும் இரட்டை மடிப்பு. போர்டைத் தொடும் பக்கம் அக்காவின் பழைய நூல் சேலை.

ஜிப்பில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இரும்பு ஜிப் உப்பில் துருப்பிடித்துக் கடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பல் ஜிப்தான் வேண்டும். அதை ஒரு பக்கவாட்டில் தொடங்கி வால் சுற்றி வரும்படி வைத்தோம். படுதாவுக்கு அடிக்கும் பித்தளைக் கண்களில் இரண்டை அடிப்பக்கம் அடித்தார். ஈரமும் சூடும் அவற்றின் வழியே வெளியேறும். கைப்பிடிக்கு சீட் பெல்ட் நாடா.

உறை வந்துவிட்டதென்று போர்டை வெயிலில் போட்டுவிட்டுப் போகக் கூடாது. மூடிய உறைக்குள்ளும் சூடு ஏறும், போர்டின் மேல் பூசிய மெழுகு உருகிச் சேலையில் அப்பிக்கொள்ளும். கடலிலிருந்து வந்ததும் போர்டை நல்ல தண்ணீரில் கழுவி, உலர்ந்த பிறகே உறையில் போட வேண்டும். இதை மருமகனிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"மாமா, என் கூட்டாளிக்கும் ஒண்ணு தச்சுத் தரணும்" என்கிறான். அது ஒன்பதடி போர்டு, மூக்கு உருண்டை. பழைய காகிதம் உதவாது. புதிதாக அளவெடுக்க வேண்டும்.