ஆயில் சம்ப் கழற்றுவது சின்ன வேலையா?



மூன்று வருடம் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து வெளியே வருகிற நம்மிடம், "தம்பி, இந்தக் காருக்கு சம்ப் பேக்கிங் மாத்திக் குடு" என்று ஒருவர் கேட்டால், எத்தனை பேர் தயங்காமல் ஸ்பேனரை எடுப்போம்? "அதெல்லாம் பட்டறைப் பையன் செய்யிற வேலை" என்று நழுவுகிறவர்களே அதிகம். ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து கையெழுத்து வாங்கியதோடு சரி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

எங்கள் பந்தல்குடிப் பக்கம் வந்து பாருங்கள். சுண்ணாம்புக்கல் தூசி, கரிசல் காட்டின் மேடு பள்ளம். கல் இடித்தால் அடி வாங்குவது சம்ப்தான். சொட்டுச் சொட்டாக ஆயில் ஒழுகும். கவனிக்காமல் மதுரை வரை ஓட்டினால் பேரிங் தேய்ந்து இன்ஜின் பிடித்துக்கொள்ளும். வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறவர் வீட்டில் அன்றோடு அடுப்பு அணையும்!

ஒழுகினால் நாம் சொல்லும் ஒரே வைத்தியம், "இன்னும் நல்லா டைட் பண்ணு!" தப்பே அங்குதான். பல கார்களில் சம்ப் மெல்லிய தகடு. அதிகம் முறுக்கினால் போல்ட் ஓட்டையைச் சுற்றித் தகடு குழிந்துவிடும். இரண்டு போல்ட்டுக்கு நடுவே இடைவெளி விழும். ஒழுகல் கூடும். பொதுவாக 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். அதாவது ஸ்பேனரில் 10 சென்டிமீட்டர் தள்ளி 10 கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவு. சரியான கணக்கு அந்தந்த வண்டியின் மேனுவலில் இருக்கும். அப்ளைடு மெக்கானிக்ஸில் படித்த டார்க் இதுதானே!

கழற்றும்போதும் பாடம் இருக்கிறது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். ஆயிலை வடித்த பின், அடியில் தங்கிய கசடைப் பாருங்கள். செம்பு நிறத் துகள் மின்னினால் பேரிங் தேய்கிறது. காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனை மாதிரிதான்!

மாட்டும்போது பழைய பேக்கிங்கைச் சுத்தமாகச் சுரண்டி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, குழிந்த தகட்டைத் தட்டிச் சமன் செய்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். பேஸ்ட்டை அள்ளிப் பூசினால் உள்ளே பிதுங்கி ஸ்ட்ரெய்னரை அடைக்கும். நம்ம ஊர் ஆடிக் காற்றில் கழற்றிய சம்பை மூடி வைக்காவிட்டால் தூசியே எமன்.

"எலெக்ட்ரிக் கார் வந்தாச்சு, சம்ப் எதுக்கு?" என்பார்கள் சிலர். அதன் பேட்டரிப் பெட்டிக்குள் தண்ணீர் புகாமல் காப்பதும் பேக்கிங்கும், அளவாக முறுக்கிய போல்ட்டும்தான்.

எனவே நம் மாணவர் சங்கம் ஒரு கோரிக்கை வைக்கட்டும். நான்கு பேருக்கு ஓர் இன்ஜின், லேபில் ஒரு டார்க் ரெஞ்ச். ஒவ்வொருவரும் சம்பைக் கழற்றி மாட்டி, அரை மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டும். சொட்டு ஒழுகாதவருக்கே மார்க்! பட்டறை அண்ணன்கள் பல வருடம் பட்டுத் தெரிந்துகொண்டதை, காரணத்தோடு கற்கும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது. அதை நழுவ விடலாமா?

கையில் கிரீஸ் படட்டும் நண்பர்களே! டிப்ளமோவுக்கு அதுதான் மரியாதை.