பானப் பொதியில் போன பணமும் பரிசாரகரிடம் பிடித்த பணமும்

ரொறன்ரோவில் வசிக்கும் உறவினர் ஒருவர் அண்மையில் வட்ஸ்அப் வழியாக எனக்கொரு குறிப்பை அனுப்பியிருந்தார். உல்லாசக் கப்பலில் பணத்தை மிச்சம்பிடிப்பதற்குப் பன்னிரண்டு வழிகள் என்பது அதன் தலைப்பு. யார் எழுதியது என்ற விபரம் இல்லை. தமிழ் மட்டும் நன்றாகவே இருந்தது. முதல் பதினொரு வழிகளிலும் எனக்குப் பெரிய ஆட்சேபம் எதுவுமில்லை. பன்னிரண்டாவது வழிதான் என்னை இதனை எழுத வைத்தது. பயணம் முடிவதற்கு முந்திய மாலையில் விருந்தினர் சேவைக் கருமபீடத்துக்குச் சென்று, நாளாந்தம் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கும் சேவைப்பணத்தை நீக்கிவிடுமாறு கேட்க வேண்டுமாம். காரணம் கேட்கமாட்டார்களாம். அப்படி மிச்சம்பிடித்தவர்கள் அதை விருந்துகளில் பெருமையாகச் சொல்லிக்கொள்வதையும் நான் கேட்டிருக்கிறேன்.

அந்தக் கருமபீடத்தின் முன்னால் நீண்டிருந்த வரிசையை நான் நேரில் கண்டவன். என் மனைவியின் தம்பிக்கு அறுபது வயது நிறைவானபோது, பதினெட்டுப் பேராக மியாமியிலிருந்து ஏழு இரவுகள் கரீபியன் கடலில் பயணித்தோம். கப்பலின் பெயர் இங்கு வேண்டாம். எல்லாக் கப்பல்களிலும் ஏறத்தாழ இதுவே நடைபெறுவதால் ஒன்றை மட்டும் தூற்றுவதில் நியாயமில்லை. நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் கழித்த பழக்கத்தினால், கடலைப் பார்த்த நேரத்தைவிட விலைப்பட்டியலைப் பார்த்த நேரமே எனக்கு அதிகம்.

'அனைத்தும் உள்ளடங்கிய' என்னும் சொற்றொடரிலிருந்தே தொடங்குவோம். தங்குமிடம், உணவு, களியாட்டம் யாவும் கட்டணத்துக்குள் அடக்கம் என்று முகவர்கள் சொல்லுகிறார்கள். உலகின் மிகப் பெரிய கப்பல் உல்லாச நிறுவனமான கார்னிவல் 2023 ஆம் ஆண்டில் ஈட்டிய மொத்த வருமானம் ஏறத்தாழ 21.6 பில்லியன் டொலர். அதில் சுமார் 7.5 பில்லியன், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான தொகை, பயணக் கட்டணமாக வந்ததல்ல. கப்பலில் ஏறிய பின்னர் மதுச்சாலை, சூதாட்டக்கூடம், கரைச்சுற்றுலா, கட்டண உணவகம் என்று நம்மிடமிருந்து கறந்தவை முதலானவற்றால் வந்தது. எல்லாம் உள்ளடங்கியிருந்தால் இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?

அப்படிக் கறப்பவற்றில் முதன்மையானது பானப் பொதி. நம்மவர்கள் 'ட்ரிங்ஸ் பக்கேஜ்' என்பார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று முற்பணம் கட்டிவிட்டால் வேண்டிய அளவு குடிக்கலாம் என்பது கவர்ச்சி. கணக்கைப் பாருங்கள். நாளொன்றுக்கு 80 டொலர் என்று வைத்துக்கொள்வோம். கப்பலையும் பருவத்தையும் பொறுத்து இது கூடும், குறையும். அதன்மேல் 18 சதவீதம் சேவைப்பணம் சேர்ந்தால் 94 டொலர் 40 சதம். ஏழு நாளைக்கு, இருவருக்கு, 1,321 டொலருக்கு மேல். பலருக்கு இது பயணக் கட்டணத்தையே எட்டிப்பிடிக்கும் தொகை. 14 டொலர் விலையுள்ள ஒரு கொக்டெயில் அதே 18 சதவீதத்துடன் 16 டொலர் 52 சதமாகிறது. ஆகவே போட்ட பணத்தை எடுக்க ஒருவர் தினமும் ஆறு கிண்ணம் குடிக்க வேண்டும். கப்பல் துறைமுகத்தில் நிற்க, நீங்கள் காலை முதல் மாலைவரை கரையில் அலைந்து திரிந்துவிட்டு வரும் நாட்களிலும் ஆறு.

இதிலும் நம் குடும்பங்களை நேராகத் தாக்கும் ஒரு விதி இருக்கிறது. கார்னிவல், றோயல் கரீபியன் ஆகிய இரு பெரும் நிறுவனங்களிலும் ஓர் அறையில் ஒருவர் மதுப் பொதி வாங்கினால், அதே அறையிலுள்ள மற்ற வயது வந்தவரும் வாங்கியாக வேண்டும் என்பதே பொது விதி. ஒருவரின் பொதியில் மற்றவர் குடிப்பதைத் தடுப்பதற்காம். நம் பெண்களில் பெரும்பாலானோர் மதுவைத் தொடாதவர்கள். எங்கள் குழுவிலிருந்த ஒருவர் தமக்கும் குடிக்காத தம் மனைவிக்கும் பொதி வாங்கினார். அந்த அம்மையார் ஏழு நாளும் அருந்தியது தேசிக்காய்ச் சாறும் தேநீரும். உணவுக்கூடத்தில் அவை இலவசம்! கணவரோ இருவரின் பணத்தையும் தனியொருவராக மீட்க முயன்று, மூன்றாம் நாள் கொஸுமெல் தீவில் கரையிறங்க முடியாமல் அறையிலேயே படுத்துக்கிடந்தார். அப்படியே மீட்க விரும்பினாலும் எல்லா இடத்திலும் முடியாது. கார்னிவலின் பொதியில் 24 மணி நேரத்துக்கு 15 மதுபானங்கள் என்ற உச்சவரம்பு உண்டு. மனைவி குடிக்காதவர் என்றால் வாங்குமுன் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசிப் பாருங்கள்; குடிக்காதவருக்கு மலிவான மென்பானப் பொதியை அனுமதிப்பதும் உண்டு. அப்படியும் வாங்குவதாயின் கப்பலில் ஏறிய பின் வாங்காதீர்கள். புறப்படுமுன் இணையத்தில் பதிவு செய்தால் பெரும்பாலும் விலை குறைவு. பின்னர் விலை இன்னும் இறங்கினால், புறப்படுமுன் பழையதை இரத்துச் செய்து புதிய விலையில் வாங்கலாம்.

'இலவசப் பொதி' என்று விளம்பரம் செய்வோரும் உள்ளனர். நோர்வேஜியன் நிறுவனம் இவ்வாறு பல ஆண்டுகள் விற்றிருக்கிறது. பொதி இலவசம், அதற்குரிய சேவைப்பணம் மட்டும் கட்டாயம். இருபது சதவீத 'அன்பளிப்பு', ஆளுக்கு, நாளுக்கு. இலவசமான ஒன்றின் இருபது சதவீதம் எவ்வளவு என்று எங்கள் ஊர்ப் பாடசாலையில் கேட்டால் பிள்ளைகள் பூச்சியம் என்பார்கள்.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அதில் குறை சொல்ல அதிகமில்லை. பிரதான உணவுக்கூடமும் சுயசேவை உணவகமும் கட்டணத்துக்குள் அடங்கியவை, உணவும் தரமானது. இந்தியச் சைவ உணவைப் பல கப்பல்களில் முன்கூட்டியே சொல்லிப் பெறலாம். முதல் இரவிலேயே தலைமைப் பரிசாரகரிடம் சொல்லிவிட்டால் மறுநாள் முதல் உங்களுக்கென்று சமைப்பார்கள். இதைத் தெரியாமல் ஏழு நாளும் பாணும் பழமும் தின்று வந்த சைவர்களை நான் அறிவேன். கட்டண உணவகங்களை நாடும்படி நம்மைத் தள்ளுவதற்காக இலவசக் கூடத்தில் சிறிது சிறிதாக வேலி போடப்படுவதையும் கவனியுங்கள். 2022 இன் இறுதியில் கார்னிவல் மூன்றாவது பிரதான உணவுக்கு 5 டொலர் என்று அறிவித்தது. வேறு கப்பல்களில் இரண்டாவது சிங்க இறாலுக்கு விலை.

குழுவாகச் செல்வோருக்கு ஒரு வார்த்தை. பொதுவாகப் பதினாறு பேர் குழுவாகப் பதிவு செய்தால் ஒருவரின் கட்டணத்துக்கு ஈடான சலுகை குழுவுக்குக் கிடைக்கும். ஒழுங்கு செய்பவர் இதைச் சொல்ல மறந்துவிடக்கூடும். நம் சமூகத்தில் ஒழுங்கு செய்பவர்களின் மறதி பற்றி நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை.

இனி அந்தப் பன்னிரண்டாவது வழிக்கு வருகிறேன்.

நாளாந்தச் சேவைப்பணம் சாதாரண அறைக்கு ஆளொன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டொலர் வரை. இருவருக்கு ஏழு நாளைக்கு 250 டொலர் அளவில் வரும். பானப் பொதியில் ஆயிரத்து முந்நூறைச் சத்தமில்லாமல் கொடுத்தவர்தான் இந்த இருநூற்றைம்பதை நீக்குவதற்காக வரிசையில் நிற்கிறார். முன்னதைப் பெற்றது ஒரு பெருநிறுவனம். பின்னதை இழப்பவர் யார்?

எங்கள் கப்பலின் சுயசேவை உணவகத்தில் மேசை துடைத்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் நாங்கள் பேசுவதைக் கேட்டு அருகே வந்தார். திருகோணமலைக்காரர். "கொன்றாக்ட் எட்டு மாசம், ஐயா. லீவு நாள் எண்டு ஒண்டும் இல்லை" என்றார். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை, நான் கேட்டதற்குச் சொன்னார். 2006 ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயம் 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அது கப்பல் ஊழியருக்கு அனுமதிக்கும் உச்ச வேலை நேரம் 24 மணித்தியாலத்தில் 14, ஏழு நாளில் 72. அல்லது நாளுக்குப் பத்து மணி நேர ஓய்வு, வாரத்துக்கு 77. இது பாதுகாப்புக்காக எழுதப்பட்ட சமவாயம் என்பதையும் மறந்துவிடக்கூடாது. எட்டு மணி நேர வேலைக்காக உயிர்நீத்தவர்களுக்கு ஆண்டுதோறும் மே தினக் கட்டுரை எழுதியவன் நான். எழுபத்திரண்டு என்ற எண்ணைக் கண்டபோது சற்று நேரம் பேசாதிருந்தேன்.

இதை எந்த நாட்டுச் சட்டமும் தட்டிக்கேட்காதா என்று கேட்கலாம். கார்னிவல், றோயல் கரீபியன், நோர்வேஜியன் ஆகிய மூன்றினதும் தலைமையகங்கள் மியாமியிலும் அதன் அயலிலும் உள்ளன. முதலாவதன் தாய் நிறுவனம் நெடுங்காலம் பதிவாகியிருந்தது பனாமாவில், இரண்டாவது லைபீரியாவில், மூன்றாவதன் தாய் நிறுவனம் பெர்மியூடாவில். கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியைப் பறக்கவிடுகின்றன. வெளிநாட்டில் பதிவான நிறுவனத்தின் சர்வதேசக் கப்பல் வருமானத்துக்கு அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 883 ஆம் பிரிவு விலக்களிக்கிறது. வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பலின் ஊழியருக்கு அமெரிக்கக் குறைந்தபட்சச் சம்பளமும் கிடையாது. பயணிகளில் பெரும்பாலோர் அமெரிக்கர், புறப்படும் துறைமுகம் அமெரிக்கத் துறைமுகம். சட்டம் மட்டும் கொடியோடு போய்விடுகிறது. இவ்வாறு சம்பளத்தைத் தாழ்வாக வைத்துக்கொண்டு, மீதியைப் பயணியின் தாராள குணத்திடம் விட்டுவிடும் ஏற்பாட்டுக்குத்தான் சேவைப்பணம் என்று பெயர்.

"அப்படியென்றால் சம்பளம் கொடுக்க வேண்டியது கம்பனி. அதன் கடமையை நான் ஏன் செய்ய வேண்டும்?" என்று எங்கள் மருமகன் கேட்டார். நல்ல கேள்வி. கம்பனியே செய்ய வேண்டும் என்பதே என் நிலைப்பாடும். ஆனால் கருமபீடத்தில் அப்பணத்தை நீக்கும்போது கம்பனி நட்டப்படுவதில்லை. ஊழியர்களுக்கான பொது நிதியில்தான் குறைகிறது. "அந்தப் பணத்தைக் கம்பனிதான் விழுங்குகிறது" என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். அதற்கு ஆதாரம் காட்டியவர் ஒருவருமில்லை. "பரிசாரகரிடம் கையில் காசாகக் கொடுப்போம்" என்போரும் உண்டு. கொடுங்கள், மேலதிகமாக. நாம் காணும் பரிசாரகருக்கும் அறை துப்புரவாளருக்கும் அது கிடைக்கும். கீழ்த்தளத்தில் கோப்பை கழுவுபவரையும் படுக்கை விரிப்புகளை வெளுப்பவரையும் நீங்கள் ஏழு நாளும் காணப்போவதில்லை. பொது நிதியில் திரைக்குப் பின்னால் உழைப்பவர்களுக்கும் பங்குண்டு.

பானப் பொதியைத் தவிர்த்தால் அதிலுள்ள 18 சதவீதத்தை மதுச்சாலைப் பணியாளர் இழக்கமாட்டாரா என்றும் கேட்கலாம். ஓரளவுக்கு இழப்பார், மறுக்கவில்லை. ஆயினும் நீங்கள் குடிக்கும் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் அந்த 18 சதவீதம் தனியாகச் சேர்க்கப்பட்டே வருகிறது. அதற்கு மேலும், ஒரு மனிதரின் சம்பளம் என் ஈரலைத் தங்கியிருக்கும் ஏற்பாட்டை நான் தொடர்ந்து தாங்கிப்பிடிக்க வேண்டும் என்பதை ஏற்க முடியாது.

மாற்றம் சாத்தியமில்லை என்பதும் பொய். பிரித்தானியாவின் பி அன்ட் ஓ நிறுவனம் 2019 இல் நாளாந்தச் சேவைப்பணத்தை ஒழித்துக் கட்டணத்துக்குள் சேர்த்தது. கலிபோர்னியாவில் 2024 ஜூலை முதலாம் திகதி நேர்மையான விலைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை துறைமுகக் கட்டணங்களையும் வரிகளையும் கடைசிப் பக்கத்தில் ஒளித்துவைத்திருந்த நிறுவனங்கள் அமெரிக்கா முழுவதற்கும் தம் விளம்பர விலைகளை மாற்றிக்கொண்டன. எந்தக் கப்பலும் மூழ்கவில்லை. சேவைப்பணம் மட்டும் அந்த விலைக்கு வெளியே நிற்கிறது. பயணம் முடிந்ததும் கருத்தறிய ஒரு படிவம் அனுப்புகிறார்களே, அதில் எழுதுங்கள்: இதைக் கட்டணத்தில் சேர், சம்பளமாகக் கொடு என்று. முகவரிடம் சொல்லுங்கள். பதினெட்டுப் பேர் கொண்ட ஒரு குழு சொன்னால் அவர் கேட்பார்.

இது புலம்பெயர்ந்தோரின் விடயம் மட்டும் என்றும் எண்ண வேண்டாம். 2023 ஜூனில் சென்னையிலிருந்து வந்த எம்பிரஸ் கப்பல் காங்கேசன்துறையில் தரித்தது. 1990 இல் கட்டப்பட்டுப் பல காலம் றோயல் கரீபியனுக்கு உழைத்த அதே கப்பல்தான் அது.

எங்கள் மருமகன் வரிசையில் நின்று தம் அறைக்குரியதை நீக்கிக்கொண்டார். நான் என் அறைக்குரியதைத் தொடவில்லை. அன்றிரவு மேசையில் இது பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இரண்டாம் நாளிலிருந்து எங்களுக்கென்று பச்சை மிளகாய் அரிந்து கொண்டுவந்த பாலித் தீவுப் பரிசாரகர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். தை முதல் பங்குனி வரையிலான விலைக்குறைப்புக் காலத்தில் பதிவு செய்ய இருப்பவர்கள், விளம்பர விலையுடன் நாளுக்கு 20 டொலரை ஆளுக்கு ஆள் கூட்டிப் பாருங்கள். அதன் பின்பும் பயணம் மலிவாகத் தோன்றினால் பதிவு செய்யுங்கள்.