சரிவில் எது தரை?

ஏற்காட்டில் ஏரியைச் சுற்றியுள்ள தெருக்களில் பல விடுதிகள் சாலையிலிருந்து பார்த்தால் இரண்டு மாடி. பள்ளத்துப் பக்கம் இறங்கிப் பார்த்தால் அதே கட்டடம் நான்கு மாடி. வரவேற்பறைக்குக் கீழே அறைகள், அதற்கும் கீழே சமையற்கட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் சரிவில் ஊன்றிய கான்கிரீட் தூண்கள். இதன் உயரம் என்னவென்று பதிவேட்டில் எழுதுவது?

சமதளத்திலேயே மாடிக் கணக்கு குழப்பும். 1959இல் திறக்கப்பட்ட சென்னை எல்.ஐ.சி. கட்டடத்துக்கு 14 மாடி என்பாரும் உண்டு, 15 என்பாரும் உண்டு. ஆகவே மாடியை எண்ணாமல் மீட்டரில் அளப்பதே முறை. உலகின் உயரமான கட்டடங்களைப் பட்டியலிடும் சிகாகோ மன்றம், ஆட்கள் நடந்து நுழையும் முக்கிய வாசல்களில் மிகத் தாழ்வானதிலிருந்து அளக்கிறது, ஆன்டெனாவைச் சேர்ப்பதில்லை. துபாய்க்கு அது பொருந்தும். ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலைக்குப் பொருந்தாது. இங்கே பள்ளத்துப் பக்கம் பெரும்பாலும் வாசலே இருக்காது. ஆனால் கட்டடத்தின் பாரம் அந்தப் பக்கத்து மண்மேலும் இறங்குகிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றதைப் பார்த்தோம்.

மிகத் தாழ்வான தூணின் அடியிலிருந்துதான் அளக்க வேண்டும் என்பேன். சாலைக்கு மேல் எவ்வளவு, கீழ் எவ்வளவு, தாங்குசுவர் எவ்வளவு என மூன்றையும் தனித்தனியே எழுதி, அந்தப் பட்டியலை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் யாரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும்.